சிறு மோட்டார்க் கார்களுக்கான டயர்கள்: ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்கும் முறை

கோலார் தங்கவயலின் சுரங்கக் குடியிருப்புகளில் ஒன்றாகிய கோரமண்டல், பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் செல்லும் ரயில் பாதையில் ஒரு நிலையமாகவும் விளங்குகிறது. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன் பின்னர் இவ்வூர் மக்களுள் பலர் பிழைப்பிற்காக வெளியூர் சென்று வரலாயினர். விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குச் செல்வோர் அநேகர். சிறு கார் ஒன்றை வாங்கி, அதையே வாடகைக்கு ஓட்டிக் குடும்பத்தைக் காப்பவர்களும், வேலைக்கும் உறவினர் வீட்டுக்கும் சொந்தக் காரில் சென்று வருவோரும் உளர். இத்தகையோரின் கார்ச் செலவில் எரிபொருளுக்கு அடுத்தபடியாகப் பெரிதாகத் தோன்றுவது டயர்ச் செலவேயாகும். நான்கு டயர்களையும் ஒருங்கே மாற்ற வேண்டிய நாளில், அத்தொகை ஒரு மாத வீட்டுச் செலவுக்கு ஒப்பாகிவிடுகிறது. ஆகவே, விலை மலிந்ததை வாங்குவதா, நெடுநாள் உழைப்பதை வாங்குவதா, பழைய டயரைக் கொண்டு சமாளிப்பதா என்னும் கேள்வி எழுவது இயல்பே. இக்கேள்விக்கு விஞ்ஞான முறையில் விடை காண இயலும்.

நான்கு தபால் கார்டுகள்

ஒரு சிறு காரின் எடை, நான்கு பேரும் சாமான்களும் உட்பட, ஏறக்குறைய 1,040 கிலோகிராம் எனக் கொள்ளலாம். இது நான்கு சக்கரங்களிலும் சமமாகப் பரவினால், ஒவ்வொரு சக்கரமும் 260 கிலோகிராம் சுமக்கும். டயரினுள் இருக்கும் காற்றின் அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு, அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.1 கிலோகிராம். 260-ஐ 2.1-ஆல் வகுத்தால், டயர் தரையைத் தொடும் பரப்பு சுமார் 124 சதுர சென்டிமீட்டர் எனக் கிடைக்கிறது. நமது நாட்டுத் தபால் கார்டு 14 சென்டிமீட்டர் நீளமும் 9 சென்டிமீட்டர் அகலமும் உடையது. அதன் பரப்பு 126 சதுர சென்டிமீட்டர். எனவே ஓடும் காருக்கும் சாலைக்கும் உள்ள தொடர்பு முழுவதும் நான்கு தபால் கார்டுகளின் அளவேயாகும். காரை ஓடச் செய்வதும், திருப்புவதும், நிறுத்துவதும் இச்சிறு பரப்பின் வழியாகவே நிகழ்கின்றன. பிரேக்குகள் சக்கரத்தை மட்டுமே நிறுத்த வல்லவை. காரை நிறுத்துவது டயரே.

டயரின் அமைப்பு

இயற்கை ரப்பர் வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். 1839-இல் சார்லஸ் குட்இயர் என்ற அமெரிக்கர் ரப்பரைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கி இக்குறையைப் போக்கினார். 1845-இல் ராபர்ட் தாம்ஸன் என்பவர் காற்றடைத்த சக்கரத்துக்கு உரிமை பெற்றார். எனினும் அது பரவவில்லை. 1888-இல் பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் டன்லப் அதே கருத்தைத் தாமே மீண்டும் கண்டறிந்து வழக்கத்திற்குக் கொணர்ந்தார்.

இன்றைய டயரில் இயற்கை ரப்பருடன் செயற்கை ரப்பர், கரித்தூள், சிலிக்கா, கந்தகம், எண்ணெய் முதலியன கலந்துள்ளன. கரித்தூளே டயருக்குக் கருநிறத்தையும் தேய்வைத் தாங்கும் வலிமையையும் தருகிறது. ரப்பரின் உள்ளே நூலிழைப் படலங்களும் எஃகுக் கம்பிகளும் பதிக்கப்பட்டிருக்கின்றன. பழைய அமைப்பில் இழைகள் குறுக்கும் நெடுக்குமாகச் சாய்ந்து அமையும். 1946-இல் மிஷலின் கம்பெனி உரிமை பெற்ற ரேடியல் அமைப்பில், இழைகள் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்திற்கு நேராகச் செல்லும். அவற்றின்மீது எஃகுப் பட்டைகள் சுற்றப்படும். இதனால் பக்கச் சுவர் வளைந்து கொடுக்கும். தரையைத் தொடும் பகுதியோ தட்டையாக நிற்கும். உராய்வு வெப்பம் குறைகிறது, ஆயுள் நீள்கிறது. இன்று நம் நாட்டுச் சிறு கார்களுக்கு விற்கப்படும் டயர்கள் பெரும்பாலும் ரேடியல் டயர்களே.

பக்கச் சுவரில் உள்ள எழுத்துகள்

டயரின் பக்கச் சுவர் ஒரு திறந்த புத்தகமாகும். அதைப் படிக்கத் தெரிந்தவர் கடைக்காரரின் சொல்லை மட்டும் நம்பியிருக்க வேண்டுவதில்லை. உதாரணமாக, "155/80 ஆர் 13 79 டி" என்ற குறியை நோக்குவோம். (டயரில் எழுத்துகள் ஆங்கிலத்தில் இருக்கும்.) 155 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு என்பதைக் காட்டும். ஆர் என்பது ரேடியல் அமைப்பு. 13 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 79 என்பது சுமைக் குறியீடு. இவ்வெண்ணுடைய டயர் 437 கிலோகிராம் தாங்கும். 74 எனில் 375 கிலோகிராம். 85 எனில் 515 கிலோகிராம். இறுதி எழுத்து வேக எல்லை: எஸ் எனில் மணிக்கு 180 கிலோமீட்டர், டி எனில் 190, எச் எனில் 210. கார் உற்பத்தியாளர் விதித்த சுமைக் குறியீட்டுக்கும் வேக எழுத்துக்கும் குறைந்த டயரை ஒருபோதும் பூட்டலாகாது.

அகலமான டயர் பூட்டினால் கார் கம்பீரமாகத் தோன்றும் என்று சிலர் அளவை மாற்றுகின்றனர். இதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 155/80 ஆர் 13 டயரின் மொத்த விட்டம் 578 மில்லிமீட்டர். அதே விகிதத்தில் 175 அகலமுள்ள டயரைப் பூட்டினால் விட்டம் 610 மில்லிமீட்டராகிவிடும். அதாவது நூற்றுக்கு ஐந்தரை பங்கு அதிகம். வேகமானி 80 எனக் காட்டும்போது கார் உண்மையில் 84 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். திருப்பங்களில் டயர் மட்கார்டில் உரசவும் கூடும். காரின் கதவுச் சட்டத்திலோ கைப்பிரதியிலோ அச்சிட்டுள்ள அளவே தக்க அளவு.

நான்கு இலக்கங்கள் கொண்ட இன்னொரு குறியும் உண்டு. டி.ஓ.டி. என்ற எழுத்துகளுடன் தொடங்கும் வரிசையின் இறுதியில் 2324 என இருந்தால், அந்த டயர் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது எனப் பொருள். இவ்வெண் சில வேளைகளில் ஒரு பக்கச் சுவரில் மட்டுமே இருக்கும். இவற்றுடன் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதா என்பதையும் காண வேண்டும். கார் டயர்களுக்குரிய இந்தியத் தர நிர்ணயம் 15633 என்ற எண்ணுடையது.

ஒன்றையொன்று இழுக்கும் மூன்று குணங்கள்

டயரிடம் மூன்று குணங்கள் எதிர்பார்க்கப்படுகின்றன. ஈரச் சாலையில் நன்றாகப் பற்ற வேண்டும். நெடுந்தொலைவு தேயாமல் உழைக்க வேண்டும். எளிதில் உருண்டு எரிபொருளை மிச்சப்படுத்த வேண்டும். இம்மூன்றும் ஒன்றற்கொன்று இணக்கமானவை அல்ல. மென்மையான ரப்பர் சாலையை நன்றாகப் பற்றும், ஆனால் விரைவில் தேயும். கடினமான ரப்பர் நெடுநாள் உழைக்கும், ஆனால் மழையில் வழுக்கும். சிலிக்கா கலந்த ரப்பர் ஈரப் பிடிப்பையும் எளிய உருளலையும் ஓரளவு ஒன்றுசேர்க்கிறது. அதற்கேற்ப விலை கூடலாம். ஆகவே "மிகச் சிறந்த டயர் எது?" எனக் கேட்பதைக் காட்டிலும் "இந்த உபயோகத்திற்கு எக்குணம் முதன்மையானது?" எனக் கேட்பதே முறை.

இக்குணங்களை அளந்து தரப்படுத்தும் ஏற்பாடு நம் நாட்டிலும் தோன்றியுள்ளது. உருளும் தடை, ஈரப் பிடிப்பு, ஓசை ஆகியவற்றுக்குக் குறைந்தபட்ச வரம்புகள் விதிக்கப்பட்டு, 2022 அக்டோபர் முதல் புதிய வடிவமைப்புகளுக்கு அவை அமலுக்கு வந்தன. எரிசக்திச் சிக்கன நிறுவனம் டயர்களுக்கு நட்சத்திரக் குறி வழங்கும் திட்டத்தையும் தொடங்கியுள்ளது. நட்சத்திரம் மிகுந்தால் உருளும் தடை குறைவு என்று பொருள். நட்சத்திரத்தைக் கொண்டு தேய்வையோ பிடிப்பையோ மதிப்பிடுதல் தவறு.

உருளும் தடை நூற்றுக்குப் பத்துப் பங்கு குறைந்தால், எரிபொருள் செலவு நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு வரை குறையும் எனக் கணக்கிடப்படுகிறது. ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் ஓடி, லிட்டருக்கு 20 கிலோமீட்டர் கொடுக்கும் கார் 500 லிட்டர் செலவழிக்கும். உருளும் தடை இருபது பங்கு குறைந்த டயர், ஆண்டுக்குப் பத்து முதல் இருபது லிட்டர் வரை மிச்சப்படுத்தும். வாடகைக் கார் ஓட்டுபவருக்கு இது கணிசமான தொகை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் காரை எடுப்பவருக்கு அவ்வளவு முக்கியமன்று.

ஈரச் சாலையில் தேய்ந்த டயர்

டயரின் மேற்பரப்பிலுள்ள கட்டிகளை ஓட்டுநர்கள் "பட்டன்" என வழங்குகின்றனர். காய்ந்த சாலையில் பட்டன் இல்லாமலும் டயர் பற்றும். பட்டன்களுக்கு இடையேயுள்ள பள்ளங்களின் வேலை மழையில்தான் தெரியும். 3 மில்லிமீட்டர் நீர் தேங்கிய சாலையில், 10 சென்டிமீட்டர் அகலத்தில் தரையைத் தொடும் டயர் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால், ஒவ்வொரு விநாடியும் 6 லிட்டருக்கு மேற்பட்ட நீரை அது ஒதுக்கியாக வேண்டும். பள்ளங்கள் ஆழமாக இருப்பின் நீர் அவற்றின் வழியே வெளியேறும். இல்லையேல் டயர் நீரின்மீது மிதக்கத் தொடங்கும். அப்போது ஸ்டீயரிங்கும் பிரேக்கும் பயனற்றவையாகின்றன.

இதன் விளைவை எண்களால் விளக்கலாம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார், பிரேக் பிடித்த பின்னர், உராய்வுக் குணகம் 0.8 ஆகவுள்ள காய்ந்த சாலையில் 31 மீட்டரில் நிற்கும். குணகம் 0.5 ஆகக் குறையும் ஈரச் சாலையில் 50 மீட்டர் தேவை. தேய்ந்த டயரால் அது 0.3 ஆகக் குறையுமாயின் 84 மீட்டர் தேவைப்படும். நல்ல டயர் பூட்டிய கார் நின்றுவிட்ட இடத்தை, தேய்ந்த டயர் பூட்டிய கார் இன்னும் வேகத்துடனேயே கடந்து செல்லும். அந்த 34 மீட்டருக்குள் சாலையைக் கடக்கும் குழந்தையோ, சைக்கிளில் செல்பவரோ இருக்கலாம்.

பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்த டயரில் காரை ஓட்டுதல் விதிக்கு முரணானது. இதை அறிய அளவுகோல் தேவையில்லை. பள்ளங்களின் அடியில் சிறு மேடுகள் வார்க்கப்பட்டுள்ளன. பட்டன் தேய்ந்து அம்மேட்டின் மட்டத்திற்கு வந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. மழை மிகுந்த காலத்தில் 3 மில்லிமீட்டர் இருக்கும்போதே மாற்றிவிடுதல் நலம்.

கோரமண்டலின் நிலைமைகள்

தங்கவயலில் சுரங்க ஆலைகள் வெளியேற்றிய மண், சயனைடு மேடுகளாகக் குவிந்து கிடக்கிறது. மாவு போன்ற இம்மண் காற்றில் பறந்து சாலைகளிலும் படிகிறது. மெல்லிய தூசியின்மீது முதல் மழைத்துளிகள் விழும்போது சாலை வழுவழுப்பாகிறது. சற்று நேரம் நன்றாகப் பெய்து கழுவிய பின்னரே பிடிப்பு மீளும். எனவே கோடைக்குப் பின் வரும் முதல் மழையே மிகவும் அபாயமானது. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் இம்மாவட்டத்தில் மழை மிகுதி. டயர் மாற்ற எண்ணுபவர் மழைக்காலத்திற்கு முன்னரே மாற்றுதல் வேண்டும்.

தங்கவயல் தமிழ்க் குடும்பங்களில் பலவற்றின் முன்னோர் பழைய வட ஆர்க்காட்டுப் பகுதியிலிருந்து வந்தவர்கள். பொங்கலுக்கும் திருமணங்களுக்கும் இன்றும் அவர்கள் வேலூர்ப் பக்கம் சென்று வருகின்றனர். வெங்கடகிரிக்கோட்டை, பேரணாம்பட்டு வழியாகச் செல்லும் சாலை மலைச்சரிவில் இறங்குகிறது. நிறையப் பேரை ஏற்றிக்கொண்டு வளைவுகளில் இறங்கும்போது முன் டயர்களின்மீது சுமை கூடும். இத்தகைய பயணத்திற்கு ஈரப் பிடிப்பும் உறுதியான பக்கச் சுவரும் முதன்மையானவை.

மற்றொரு புதிய நிலைமையும் உண்டு. சென்னை–பெங்களூரு விரைவுச் சாலையின் கர்நாடகப் பகுதி 2024-ஆம் ஆண்டின் இறுதியில் போக்குவரத்துக்கு விடப்பட்டது. மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்திற்கென வடிவமைக்கப்பட்ட அச்சாலை தங்கவயலுக்கு அருகே செல்கிறது. ஊருக்குள் மெதுவாக ஓடிய பழைய டயர், அவ்வேகத்தில் ஒரு மணி நேரம் இடைவிடாது ஓடினால் மிகவும் சூடேறும். காற்றுக் குறைந்திருந்தால் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக வளைந்து வெப்பம் இன்னும் பெருகும். ரப்பரும் இழையும் பிரிந்து டயர் வெடிக்கலாம். விரைவுச் சாலையில் ஏறுமுன் காற்றைச் சோதித்தல் இன்றியமையாதது.

காற்றின் அமுக்கமும் ஊரின் உயரமும்

தங்கவயல் கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 850 மீட்டர் உயரத்திலும், வேலூர் சுமார் 215 மீட்டர் உயரத்திலும் உள்ளன. ஆழத்தில் இறங்க இறங்கக் காற்று செறிவடையும் என்பதை, 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் வரை இறங்கி உழைத்த சுரங்கத் தொழிலாளர் அனுபவத்தில் அறிவர். அதே விதி டயருக்கும் பொருந்தும். அமுக்கமானி உள்காற்றுக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வேறுபாட்டையே காட்டும். ஆதலால் கோரமண்டலில் 30 பவுண்டு காட்டிய டயர், வெப்பநிலை மாறாதிருப்பின், வேலூரில் ஏறக்குறைய 29 காட்டும். ஆனால் வேலூரில் வெப்பம் பத்து டிகிரி அதிகமாயின், உள்காற்று விரிவடைய முயன்று அமுக்கம் ஒன்றரை பவுண்டு உயரும். இரண்டும் சேர்ந்து மானி 30½ காட்டும். எனவே ஊர் மாறுவதால் கலவரப்பட வேண்டுவதில்லை.

கவனிக்க வேண்டியது வேறொன்று. நெடுந்தூரம் ஓடிச் சூடேறிய டயரின் அமுக்கம் நான்கைந்து பவுண்டு உயர்ந்திருக்கும். இதைக் கண்டு காற்றை வெளியேற்றுவது தவறு. ஆறிய பின்னர் டயர் குறை காற்றுடன் நிற்கும். குறிப்பிட்ட அமுக்கம் என்பது ஆறிய டயருக்கு உரியது. ஆகவே காலையில், காரை ஓட்டுமுன் சோதிப்பதே முறை. ஸ்டெப்னி டயரையும் மறவாது சோதிக்க வேண்டும்.

விலையை ஒப்பிடும் முறை

டயரின் விலையை அதன் உழைப்பால் வகுத்தே ஒப்பிட வேண்டும். கணக்கிற்காக, ஒரு டயர் 3,000 ரூபாய் விலையில் 30,000 கிலோமீட்டர் உழைக்கும் எனவும், மற்றொன்று 3,600 ரூபாய் விலையில் 45,000 கிலோமீட்டர் உழைக்கும் எனவும் கொள்வோம். முதலாவதற்குக் கிலோமீட்டருக்கு 10 காசும், இரண்டாவதற்கு 8 காசும் செலவாகும். நாள்தோறும் ஓடும் வாடகைக் காருக்கு இரண்டாவதே சிக்கனமானது. ஆண்டுக்கு 3,000 கிலோமீட்டர் மட்டும் ஓடும் காருக்கு நிலைமை வேறு. அந்த டயர் 45,000 கிலோமீட்டரை எட்டப் பதினைந்து ஆண்டுகள் ஆகும். ரப்பரோ அதற்கு முன்னரே வெயிலாலும் காற்றிலுள்ள ஆக்ஸிஜனாலும் இறுகி வெடிப்புறும். அத்தகைய காருக்குத் தேய்வைத் தாங்கும் டயரைவிட, ஈரப் பிடிப்பு மிகுந்த டயரே பயன் தரும். ஐந்து ஆண்டு கடந்த டயரை ஆண்டுதோறும் பரிசோதிக்கவும், பத்து ஆண்டு கடந்ததைப் பட்டன் மிகுந்திருப்பினும் கழற்றிவிடவும் வேண்டும் என்பது நிபுணர்களின் ஆலோசனை.

பழைய டயர்கள்

பணமுடையால் சிலர் பழைய டயர்களை வாங்குகின்றனர். இவற்றுள் சில, தேய்ந்த டயரில் கத்தியால் மீண்டும் பள்ளம் கீறிப் புதியவை போலக் காட்டப்படுபவை. கார் டயரில் இவ்வாறு கீறினால், உள்ளிருக்கும் எஃகுப் பட்டையைக் காக்கும் ரப்பர் மெலிந்துவிடுகிறது. பள்ளத்தின் அடியில் இருக்க வேண்டிய சிறு மேடுகள் அறுபட்டிருத்தல் அல்லது காணாமற்போயிருத்தல் இம்மோசடியின் அடையாளம். பக்கச் சுவரில் வீக்கம் இருந்தால் உள் இழை அறுந்துள்ளது என்று பொருள். அதை எந்தப் பஞ்சர் கடையிலும் சரிசெய்ய இயலாது.

இவ்விடத்தில் சுரங்கத்தின் ஒரு பழக்கம் நினைவுகூரத் தக்கது. தொழிலாளரை ஆழத்திற்கு இறக்கிய கூண்டு எஃகுக் கயிற்றில் தொங்கியது. அக்கயிற்றின் நுனியைக் குறித்த காலங்களில் வெட்டிச் சோதிப்பதும், பார்வைக்கு நன்றாயிருப்பினும் காலம் முடிந்ததும் கயிற்றையே மாற்றுவதும் சுரங்க விதி. அறுந்த பின்னர் மாற்றுவோம் என எவரும் கூறியதில்லை. கோரமண்டல் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் தம் உயிரை ஒப்படைத்திருந்தது அவ்விதியிடமே. டயரும் அத்தகைய கயிறே.

இரண்டு டயர்களை மட்டும் மாற்றுவதாயின்

நான்கையும் ஒரே சமயத்தில் மாற்ற இயலாதவர் இரண்டை மட்டும் மாற்றலாம். அப்போது புதியவற்றைப் பின் சக்கரங்களிலேயே பூட்ட வேண்டும். இழுக்கும் சக்கரங்கள் முன்னவை ஆதலின் புதியவை முன்னே இருக்க வேண்டும் எனப் பலர் எண்ணுகின்றனர். ஆனால் ஈரச் சாலையில் முன் டயர் வழுக்கினால், வேகத்தைக் குறைத்து ஓட்டுநர் ஓரளவு சமாளிக்க முடியும். பின் டயர் வழுக்கினால் கார் பம்பரம் போலச் சுழன்றுவிடும். ஒரே அச்சிலுள்ள இரு டயர்களும் ஒரே அளவும் ஒரே அமைப்பும் உடையனவாக இருத்தல் அவசியம்.

எட்டாயிரம் முதல் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை டயர்களை முன்னும் பின்னும் மாற்றிப் பூட்டினால் தேய்வு சமமாகும். டயரின் ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்தால் சக்கர நேர்மை, அதாவது அலைன்மென்ட், பிசகியிருக்கும். நடுப்பகுதி மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். இரு விளிம்புகளும் தேய்ந்தால் காற்றுக் குறைவு.

பள்ளியில் செய்யத் தக்க சோதனை

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எளிதில் செய்து காட்டலாம். நின்றிருக்கும் காரின் ஒரு டயரைச் சுற்றி, தரையைத் தொடும் நான்கு பக்கங்களிலும் கடிதத் துண்டுகளை முட்டும் வரை செருகி, இடையேயுள்ள நீள அகலங்களை அளந்தால் தொடு பரப்பு கிடைக்கும். அதை அமுக்கத்தால் பெருக்கினால் அச்சக்கரம் தாங்கும் எடை ஏறக்குறைய விளங்கும். பின்னர் மாணவர்கள் ஒரு தபால் கார்டை அப்பரப்பின் அருகே வைத்து ஒப்பிடலாம். அவர்கள் வீடு திரும்பித் தந்தையின் காரிலோ, அண்டை வீட்டாரின் காரிலோ பட்டனின் ஆழத்தையும் நான்கு இலக்கத் தேதியையும் பார்த்துச் சொல்வார்களாயின், அச்சோதனை தன் பயனை அடைந்துவிட்டது எனலாம். அளவு, சுமை, தேதி, பட்டனின் ஆழம், காற்று ஆகிய ஐந்தையும் பார்க்க ஐந்து நிமிடம் போதும். அதற்குக் காசு செலவில்லை.